மழை பொய்த்தால் நட்டம் யார் தலையில்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணியினரும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்குத் துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க இருக்கிற ஒரே நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

பல தோட்டங்களில் இப்போது மலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். குடும்பத்துக்கு ஆயிரம் செடி, ஆயிரத்து ஐந்நூறு செடி என்று எண்ணிக் கையில் தருகிறார்கள். அவுட்குரோவர் முறை என்கிறார்கள், வருமானப் பகிர்வு என்கிறார்கள். பெயர் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், விவரமும் மாறும். ஆனால் சாரம் ஒன்றுதான். புல்லு வெட்டுவது, கவ்வாத்து வெட்டுவது, கான் துப்புரவு செய்வது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. உரமும் மருந்தும் நிர்வாகம் தரும், அதன் விலையைக் கணக்கில் கழிக்கும். கொழுந்தை அந்தத் தோட்டத்து ஸ்டோருக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வரும்.

இதை நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கங்காணியின் சத்தம் இல்லை, நம் நேரத்துக்கு வேலை செய்யலாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் கூடக் கிடைக்கும் என்கிறார்கள். மழை நன்றாகப் பெய்த மாதங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். நான் கேட்பது மழை பெய்யாத மாதத்தைப் பற்றி.

நாட்கூலியில் இருக்கும்போது வறட்சி வந்தால் என்ன நடக்கும்? கொழுந்து குறையும், வேலை நாள் குறையும், அரைப் பேர் போடுவார்கள். சங்கம் போய்ச் சண்டை பிடிக்கும். அந்தச் சண்டைக்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது, எதிரில் பதில் சொல்ல ஒரு துரை இருக்கிறார். செடியைக் கணக்குப் பண்ணி நம் கையில் கொடுத்த பிறகு வறட்சி வந்தால்? செடி காய்ந்தது உன் மலையில், நீ பார்த்துக்கொள்ளவில்லை என்ற பேச்சுத்தான் வரும். உரக் கடன் மட்டும் காயாமல் அப்படியே நிற்கும். அதாவது லாபத்தில் பங்கு தருகிறோம் என்று சொல்லி, வானத்தின் நட்டத்தை முழுதாக நம் கூடையில் போடுகிறார்கள். இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

வானத்தின் நட்டம் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். 2015இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 329 மில்லியன் கிலோ. 2016இல் அது ஏறத்தாழ 292 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. ஒரே வருடத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. களைக்கொல்லித் தடையும் அதில் சேர்ந்திருந்தது, ஆனாலும் அந்த வருடத்து வரட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பீலியில் நூல் மாதிரித் தண்ணீர் வந்த வருடம் அது.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுச் சொன்னது இது: தேயிலைக்கு மிகவும் பொருத்தமான வெப்பநிலை ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ். அதைத் தாண்டிச் சூடு ஏற ஏற விளைச்சல் இறங்கும். ஒரு மாதத்தில் மழை 100 மில்லிமீற்றர் குறைந்தால், ஹெக்டேருக்கு 30 முதல் 80 கிலோ வரை தேயிலைத்தூள் குறையலாம். தூள் என்று சொன்னேன், கொழுந்து அல்ல. ஒரு கிலோ தூளுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்து வேண்டும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். பெருக்கிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். விடையைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, "டீச்சர், இது எங்க அம்மாவுடைய ரெண்டு மாசக் கொழுந்து" என்றது.

மழை இல்லாத கதை ஒரு பக்கம். மழை ஒரேயடியாகக் கொட்டும் கதை மறுபக்கம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை மலை சரிந்தது என்பதை நாமே கண்ணால் பார்த்தோம்.

இனி, செய்யக்கூடியது என்ன? இதில் மந்திரம் எதுவும் இல்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் செய்த வேலைகள்தான் பாதி. வெயிலைத் தாங்க மேலே சவுக்கு மரம், நடுவில் முள்முருங்கை. முள்முருங்கைக் கிளையை மழைக்கு முன்பு வெட்டி அதே மலையில் மண்ணின் மேல் போட்டு மூடுவார்கள். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, வருடா வருடம் மண் அள்ளுவார்கள். வெட்டையாகக் கிடக்கும் இடத்தில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு, பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் மண்ணை ஆறவிட்டுப் பிறகு கன்று வைப்பார்கள். அந்த மரங்களைத்தான் லொறி லொறியாகப் பலகைக்கு ஏற்றினார்கள். அந்தக் கான்களில்தான் இன்று புல் மூடிக் கிடக்கிறது.

புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. வீபீ தேயிலை எல்லாம் ஒன்று அல்ல. ஆராய்ச்சி நிலையம் கொடுத்த இனங்களில் 2025 என்ற இலக்கம் உள்ளது வரட்சியைத் தாங்கும், 2023 அவ்வளவு தாங்காது. இலக்கத்தை வருடம் என்று நினைக்க வேண்டாம், அது செடியின் பெயர். தவறணையில் கன்று வாங்கும்போது எந்த இலக்கம் என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும். கவ்வாத்து விசயமும் அப்படித்தான். திம்புள்ளைப் பக்கம் தை முதல் பங்குனி வரை காயும், ஊவாப் பக்கம் ஆடி ஆவணியில் காற்றும் வெயிலும். வேரில் மாச்சத்துக் குறைந்து நிற்கிற செடியைக் காய்ச்சலுக்கு முன்னால் வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. அங்கே வெட்டுகிற மாதத்தில் இங்கே வெட்டக் கூடாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் செய்யவில்லை? அக்காமாரே, மிலாறு விசயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவ்வாத்து வெட்டிய மிலாறை மலையிலேயே விட்டால் அது மண்ணை மூடும், மட்கும், ஈரத்தைப் பிடிக்கும். புத்தகத்தில் எழுதுவது சுலபம். சமையலுக்கு விறகு யார் தருவார்? காஸ் சிலிண்டர் விலையைக் கேட்டுவிட்டு மிலாறைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருகிற தாயைப் பார்த்து, நீ மண்ணைக் கெடுக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தாய்க்கு விறகு கிடைக்க ஒரு வழி செய்யாமல் மண்ணைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு. நாற்பது குடும்பம் சேர்ந்து, தொங்கலில் தரிசாகக் கிடக்கும் ஒரு துண்டில் கிளிசரியாவும் சவுக்கும் விறகுக்கென்றே வைத்தால், மூன்று நாலு வருடத்தில் மிலாறு மலையிலேயே தங்கும். ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்ய முடியாது.

கானும் அப்படித்தான். மேலே இருக்கிறவர் தன் கானைத் துப்புரவு செய்து தண்ணீரைத் திருப்பி விட்டால், அது கீழே இருக்கிறவருடைய செடிக்குள் பாயும். கீழே இருக்கிறவர் அடைத்தால் மேலே தண்ணீர் தேங்கி மலை ஊறும். ஊறிய மலைதான் லயத்தின் மேல் வருகிறது. கான் மலை முழுவதுக்கும் ஒன்று, அதை ஆயிரம் செடி ஆயிரம் செடியாகப் பிரிக்க முடியாது. செடியைப் பிரித்துக் கொடுத்தவர்கள் கான் யாருடையது என்று சொல்லவில்லை. உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவேதான் கூட்டுறவு என்று சொல்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் கியூவில் நின்று சீனி வாங்கிய கூட்டுறவுக் கடை ஞாபகம் வரும். தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றில் நிர்வாகத்தின் சொல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரியை நான் கேட்கவில்லை. மரண உதவிச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரத்தில் காசு வருகிறது. எந்த அதிகாரி வந்து அதை நடத்துகிறார்? சீட்டுப் பிடிக்கிறோம், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எடுத்து ஐந்து சதம் பிசகாமல் கணக்குக் காட்டுகிறோம். கணக்குக் காட்டாதவரை அடுத்த வருடம் கமிட்டியில் வைப்பதில்லை. கூட்டுறவுக்கு வேண்டிய ஒழுங்கு நம்மிடம் இருக்கிறது. பதிவும் வங்கிக் கணக்கும்தான் இல்லை.

இன்று இந்த நாட்டில் உற்பத்தியாகும் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வருவது சிறுதோட்டக்காரர்களிடமிருந்து. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் அதிகம், நம் மலைகளைச் சுற்றி நாட்டுப் பக்கத்திலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கையில் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம். வெயில் அவர்கள் செடியையும் காய்ச்சுகிறது. ஆனால் அவர்களுக்கு 1970களில் இருந்தே தேயிலைச் சிறுதோட்ட அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது, ஊருக்கு ஊர் அதன் கீழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. கன்றுக்கும் மறுநடுகைக்கும் மானியம் வரும்போது அந்த வழியாக வருகிறது. உத்தியோகத்தர் வந்து மண்ணைப் பார்க்கிறார். அவர்களுக்கும் எல்லாம் சரியாகக் கிடைக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோது அவர்களும் நம்மைப் போலத் தவித்தவர்கள்தான்.

விலையிலும் அவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. தேயிலை விற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. எடுத்துக்காட்டுக்கு, ஒரு கிலோ தூள் 1,000 ரூபாவுக்கு விற்றால் 680 ரூபா கொழுந்துக்கு. ஐந்து கிலோ கொழுந்தால் பிரித்தால் கிலோவுக்கு 136 ரூபா, நாலரையால் பிரித்தால் 151 ரூபா. இப்போது உங்கள் துண்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள், அது எந்தக் கணக்கில் வந்தது? கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்காவது இருக்கிறதா? சிறுதோட்டக்காரர் என்று பதிய நிலத்துக்குப் பத்திரம் வேண்டும். நம் கையில் செடி இருக்கிறது, பத்திரம் இல்லை. தொழிலாளி என்றால் சம்பளச் சட்டம் காக்கும், விவசாயி என்றால் அதிகாரசபை காக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவரை யாரும் காப்பதில்லை.

கூட்டுறவு அமைத்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நீலகிரியைச் சொல்ல வேண்டும். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தங்கள் எத்தனையோ பேர் போய் இறங்கிய மலை அது. அவர்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கமே தேயிலைத் தோட்டம் போட்டது, டான்டீ என்று இன்றும் இருக்கிறது. அது அரசாங்கக் கூலி வேலை. அதே மலையில் உள்ளூர்ச் சிறுவிவசாயிகள் வேறொரு வழி கண்டார்கள். 1960களில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தொடங்கினார்கள். இன்று 16 தொழிற்சாலைகள், ஏறத்தாழ 30,000 உறுப்பினர்கள், குன்னூரில் அவற்றின் கூட்டமைப்பு இன்ட்கோசர்வ். தொழிற்சாலையே தங்களுடையது என்பது சின்ன விசயம் அல்ல.

ஆனால் அங்கேயும் பச்சை இலைக்கு விலை கிடைக்கவில்லை என்று விவசாயிகள் பல தடவை வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். தனியார் தொழிற்சாலை ஒன்றிரண்டு ரூபா கூடக் கொடுத்தால் உறுப்பினரே இலையை அங்கே கொண்டு போகிறார். இலை போனால் கூட்டுறவுத் தொழிற்சாலை அரைவாசி ஓடுகிறது, செலவு ஏறுகிறது, விலை இன்னும் இறங்குகிறது. உறுப்பினர் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் அரிசி இல்லாதவருக்கு இன்று கிடைக்கிற காசுதான் காசு. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, காய்ந்த மாதத்தைத் தாண்ட உறுப்பினருக்கு ஒரு கைகொடுப்பு இல்லாவிட்டால் எந்தக் கூட்டுறவும் நிலைக்காது என்பது.

அந்தக் கைகொடுப்பை வறட்சி நிதி என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் கிலோவுக்கு 2 ரூபா ஒதுக்குகிறோம். நாற்பது குடும்பம், குடும்பத்துக்கு மாதம் 300 கிலோ என்று எடுத்தால் மாதம் 24,000 ரூபா. ஆறு மாதத்தில் 144,000. காய்ந்த காலத்தில் பகிர்ந்தால் குடும்பத்துக்கு 3,600 ரூபா. பெரிய தொகை இல்லை என்று முகத்தில் தெரிகிறது. இல்லைதான். ஆனால் தோட்டை அடகு வைக்காமல் இரண்டு வாரம் ஓட்டலாம். கன்றுக்கும் புல்லுக்கும் இதே நிதியிலிருந்து கை வைக்கக் கூடாது, அதற்கு நிர்வாகமும் அரசாங்கமும்தான் பணம் தர வேண்டும். மலை அவர்களுடையது என்றால் மலையைக் காக்கும் செலவும் அவர்களுடையது. இதை ஒப்பந்தத்தில் எழுத வைப்பதுதான் சங்கத்தின் வேலை.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன், சில அண்ணன்மாருக்குப் பிடிக்காது. செடியைப் பிரித்துக் கொடுக்கும்போது பத்திரம் பெரும்பாலும் ஆம்பிளை பெயரில் எழுதுகிறார்கள். கொழுந்து எடுப்பது அக்கா, மடுவத்தில் நிறுவைக்கு நிற்பது அக்கா, காசு வாங்கிக் கையெழுத்துப் போடுவது அண்ணன். கூட்டுறவில் உறுப்பினர் சீட்டு கொழுந்து எடுக்கிறவர் பெயரில் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று என்றால் அது அவருடையது. இரண்டு கொடுக்கலாம் என்றால் இருவருக்கும் கொடுங்கள். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

கூட்டுறவு வந்தால் சங்கம் எதற்கு என்று நிர்வாகத்தில் சிலர் கேட்கத் தொடங்குவார்கள். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் நாட்கூலியின் மேல் கட்டப்படுகிறவை. மாதத்தில் பாதி நாள் அவுட்குரோவர் என்று போனால் அந்த நாட்களுக்கு எதுவும் விழாது. இருபது வருடத்துக்குப் பிறகு சேமலாபக் காசு எடுக்கப் போகும்போதுதான் ஓட்டை தெரியும். ஆகவே நாட்கூலியை விட்டுக்கொடுத்துக் கூட்டுறவு வேண்டாம். கூலியும் நிதியும் அப்படியே நிற்க, பிரித்துக் கொடுத்த செடியைக் காக்கக் கூட்டுறவு. காணி உரிமைக் கோரிக்கையை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்போம். 200 வருடம் இந்த மண்ணில் வேலை செய்தவர்களுக்கு உரித்து இல்லாமல் எத்தனை மானாப்புல் நட்டாலும், மறுநாள் வேறொருவர் வந்து இது எங்கள் புல் என்று சொல்லிவிடலாம். நிலைக்குமா என்று தெரியாத மண்ணில் எவரும் நிழல் மரம் வைக்க மாட்டார்.

நாட்டுப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் சிங்களவர், நாம் தமிழர், பேச்சு வேறு. ஆனால் மழை பெய்தால் நம் மலையில் இறங்குகிற தண்ணீர்தான் அவர்கள் வயலுக்குப் போகிறது. நாம் கானைப் பார்க்காவிட்டால் அவர்கள் வயலில் மண் விழும். அவர்களுடைய சங்கக் கூட்டம் ஒன்றுக்கு நம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலே நிறையத் தெரியும். கன்று எங்கே நல்லதாகக் கிடைக்கிறது, எந்த ஸ்டோர் நிறுவையில் எவ்வளவு தண்ணீர்க் கழிவு பிடிக்கிறது என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அதன் பிரதியை வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் தேதியைக் குறித்து, கமிட்டித் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் பயப்பட வேண்டாம், அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாடசாலையில் இருந்து வரி வரியாக வாசிக்கிறேன். மூன்று மாதத் துண்டுச் சீட்டும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மலையிலும் அடைந்து கிடக்கும் கான் எத்தனை என்று எண்ணி வாருங்கள், லயத்துக்கு மேலே இருப்பதை முதலில் எண்ணுங்கள். கூட்டுறவை எப்படிப் பதிவது என்று மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் விசாரிக்க மூன்று பேரைத் தெரிய வேண்டும், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். பஸ் காசு கிளை தரும் என்று தலைவர் தலையாட்டிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள். பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே கையை உயர்த்துங்கள், எழுதிக்கொள்கிறேன்.